காசநோய் மருந்து தொடங்கியதும் அப்பாவுக்குச் சர்க்கரை ஏறுகிறது

காசநோய் மருந்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். இனிப்புநீர் மாத்திரையான கிளிக்லசைட்டை ஒழுங்காகச் சாப்பிட்டும் அப்பாவுக்குச் சர்க்கரை 14 mmol/L காட்டுகிறது என்றால், பெரும்பாலும் ரிஃபாம்பிசின்தான் காரணம். சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்குமே, அதே மருந்து. அது கல்லீரலைத் தூண்டி, இனிப்புநீர் மாத்திரையைச் சீக்கிரம் உடம்பிலிருந்து வெளியேற்றிவிடும். காசநோயும் தன் பங்குக்குச் சர்க்கரையை ஏற்றும்.

மூன்று நாள் வெறும் வயிற்றிலும், சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்தும் குத்திப் பார்த்து எழுதுங்கள். இனிப்புப் பால் தேநீரான தே தாரே குடித்ததையும் எழுதுங்கள் (என் மாமா அதை மட்டும் மறைப்பார்). அந்தத் தாளையும் எல்லா மாத்திரைகளையும் பட்டர்வொர்த்தில் நீங்கள் போகும் கிளினிக்கில் காட்டுங்கள். மாத்திரையைக் கூட்டுவதா, இன்சுலினா என்று டாக்டர் சொல்வார்.

நீங்களாகக் கூட்டாதீர்கள். ரிஃபாம்பிசின் முடிந்த சில வாரங்களில் கல்லீரலின் பழைய வேகம் திரும்பும். கூட்டிய அளவை அப்போது குறைக்காவிட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். இடையில் வாந்தி, அசதித் தூக்கம் வந்தால் அன்றைக்கே எமர்ஜென்சி.