வேலைத் தேர்வை இணையத்தில் வைக்கிறீர்களா? கேமராவுக்குப் பணம் கட்டும் முன்

கேள்வி: ஜூரோங்கில் ஒரு கட்டடப் பராமரிப்பு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்களிடம் ஊழியர்கள் சுமார் 200 பேர். தொழில்நுட்பர், கணக்கு உதவியாளர், தள ஒருங்கிணைப்பாளர் வேலைகளுக்கு ஆண்டுக்கு முந்நூறு பேராவது விண்ணப்பிக்கிறார்கள். பெரும்பாலோர் சிங்கப்பூரில் இருப்பவர்கள். சிலர் ஜொகூரிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் எழுதுகிறார்கள். இதுவரை சாதாரண இணையப் படிவத்தில்தான் தேர்வு வைத்தோம். அண்மையில் 90 மதிப்பெண் வாங்கிய ஒருவரை நேரில் அழைத்துப் பேசினால், அடிப்படைக் கேள்விக்கே விழித்தார். இப்போது மூன்று நிறுவனங்கள் விலைப்பட்டியல் அனுப்பியிருக்கின்றன. ஒன்று உலாவியைப் பூட்டும் மென்பொருள்; ஒன்று செயற்கை நுண்ணறிவு கேமரா கண்காணிப்பு; மற்றொன்று ஆளே உட்கார்ந்து பார்க்கும் சேவை. எது பாதுகாப்பானது?

பதில்: விலைப்பட்டியலை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. உங்களுக்கு எதிலிருந்து பாதுகாப்பு வேண்டும் என்பதை முதலில் தீர்மானியுங்கள். வேலைத் தேர்வில் ஓட்டை விழும் இடங்கள் நான்கு. வேறு ஆள் உட்கார்ந்து எழுதுவது, எழுதுபவரே கைப்பேசியையோ சாட்ஜிபிடியையோ பார்த்து எழுதுவது, வினாக்கள் வெளியே கசிவது, விண்ணப்பதாரர்களின் தகவல்கள் திருடு போவது. உங்களிடம் வந்த மூன்று நிறுவனங்களும் முதல் இரண்டைப் பற்றித்தான் பேசியிருப்பார்கள், விற்பனைக்கு எடுப்பாக இருப்பது அதுதான். மூன்றாவதால் உங்கள் தேர்வே பயனற்றுப் போகும். நான்காவது நடந்தால் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

உலாவியைப் பூட்டும் மென்பொருளை முதலில் பார்க்கலாம். தேர்வு முடியும்வரை வேறு சாளரம் திறக்க முடியாது, நகலெடுத்து ஒட்ட முடியாது, திரையைப் படம்பிடிக்க முடியாது. இவ்வளவுதான் அதன் வேலை, இதை ஓரளவு ஒழுங்காகவே செய்யும். சுவிட்சர்லாந்தின் இடிஎச் சூரிச் பல்கலைக்கழகத்தில் உருவான சேஃப் எக்ஸாம் பிரவுசர் இந்த வகையில் இலவசமாகவே கிடைக்கிறது, மூடுல் போன்ற இணையக் கற்றல் தளங்களோடு இணைந்து ஓடும். ஆகவே பூட்டு ஒன்றுக்காக மட்டும் ஒருவர் பெரிய தொகை கேட்டால், கூடுதலாக என்ன தருகிறார் என்று கேளுங்கள். மடிக்கணினிக்குப் பக்கத்தில் நிற்கும் கைப்பேசியை எந்தப் பூட்டு உலாவியாலும் பார்க்க முடியாது. திரையின் காட்சியைக் கம்பி வழியாகப் பிரித்து அடுத்த அறையில் இருக்கும் நண்பனுக்குக் காட்டுவதையும் தடுக்க முடியாது. மெய்நிகர் கணினிக்குள், அதாவது கணினிக்குள்ளேயே மென்பொருளாக இயங்கும் இன்னொரு கணினிக்குள், ஓடுகிறதா என்று நல்ல மென்பொருள்கள் சோதிக்கும், மட்டமானவை சோதிக்காது. விற்பனையாளர் செய்முறை விளக்கம் காட்டும்போது இதை அங்கேயே செய்துகாட்டச் சொல்லுங்கள்.

நம்மவர்களுக்கு மட்டும் வரக்கூடிய ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். தள ஒருங்கிணைப்பாளர் வேலைக்குத் தமிழில் ஒரு பத்தி எழுதச் சொல்கிறீர்கள் என்று வையுங்கள். பூட்டு உலாவிகள் பல விசைகளை முடக்கும்; விசைப்பலகை மொழியை மாற்றும் விசையும் அதில் மாட்டிக்கொள்ளலாம். ஒற்றெழுத்தும் கொம்பும் திரையில் சரியாக வருகின்றனவா, தமிழில் தட்டச்ச முடிகிறதா என்று உங்கள் வினாவையே ஏற்றிப் பாருங்கள். தேர்வு நாளில் கண்டுபிடித்தால் அன்றைய தேர்வு அவ்வளவுதான்.

அடுத்தது செயற்கை நுண்ணறிவு கேமரா. இதில் என் கருத்து கடுமையானது: முடிவு எடுக்கும் பொறுப்பை அதனிடம் விடுவதாக இருந்தால் வாங்காதீர்கள். 2020 அக்டோபரில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் வழக்கறிஞர் தேர்வை இணையத்தில் நடத்தியது. எழுதிய ஏறக்குறைய 9,000 பேரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் மீது மென்பொருள் சந்தேகக் குறி போட்டது. மனிதர்கள் உட்கார்ந்து பார்த்தபோது அவற்றில் பெரும்பாலானவை தள்ளுபடியாகிவிட்டன. 2021 மே மாதத்தில் புரோக்டர்யூ என்ற பெரிய கண்காணிப்பு நிறுவனம், மனிதர் பார்க்காத, செயற்கை நுண்ணறிவு மட்டும் பார்க்கும் சேவையை இனி விற்பதில்லை என்று தானாகவே அறிவித்தது. மென்பொருள் குறி போட்ட பதிவுகளில் பத்தில் ஒன்றைத்தான் கல்வி நிறுவனங்கள் திறந்தே பார்த்திருந்தன என்பதும் அப்போது வெளிவந்தது. சந்தேகப் பட்டியல் குவியும், அதைப் பார்க்க ஆள் இருக்காது. உங்கள் பிரிவில் எத்தனை பேர்? முந்நூறு காணொளிகளை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்?

அப்புறம், யார் மீது குறி விழுகிறது என்பதையும் யோசியுங்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) மூவறை வீட்டில் வரவேற்பறையில் உட்கார்ந்து எழுதுபவருக்குப் பின்னால் பாட்டி நடந்து போவார், தம்பி தொலைக்காட்சி போடுவான். ஊழியர் தங்குவிடுதியில் எழுதுபவரின் அறையில் எத்தனை பேரோ. தனி அறையும் நல்ல விளக்கும் உள்ளவருக்கு ஒரு குறியும் விழாது. வாய்விட்டுப் படிக்கும் பழக்கம், கண் நிலைகொள்ளாத உடல்நிலை, மங்கலான வெளிச்சத்தில் கருத்த முகம் எல்லாமே இந்த மென்பொருள்களுக்குச் சந்தேகம்தான். 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டம் வயது, இனம், உடற்குறை, மனநலம் முதலியவற்றின் அடிப்படையில் ஆள் எடுப்பதில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்க வகைசெய்கிறது. தொடக்கத்தில் 25 பேருக்குக் குறைவாக உள்ள நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. 200 பேர் உள்ள உங்களுக்கு இல்லை. ஒருவரை ஏன் நிராகரித்தீர்கள் என்று கேட்டால் 'மென்பொருள் சொன்னது' என்பது பதில் ஆகாது.

ஆளே உட்கார்ந்து பார்க்கும் சேவை இவற்றைவிட மேல், விலையும் மேல். அறையைச் சுற்றிக் கேமராவால் காட்டச் சொல்லும் வழக்கம் அதில் உண்டு. 2022ல் அமெரிக்காவின் ஒஹாயோவில் ஒரு நீதிமன்றம், அரசுப் பல்கலைக்கழகம் ஒன்று மாணவரின் படுக்கையறையை இப்படிக் காட்டச் சொன்னது அரசியலமைப்புக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. இங்கே அந்தத் தீர்ப்பு செல்லாதுதான். ஆனாலும் வேலை கேட்டு வருபவரின் படுக்கையறை உங்களுக்கு எதற்கு?

சரி, என்னதான் செய்வது? சிங்கப்பூரில் ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது, யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. விண்ணப்பதாரர்களில் பெரும்பாலோர் ஒரு எம்ஆர்டி ரயில் பயணத் தூரத்தில் இருக்கிறார்கள். ஆகவே இணையத் தேர்வைச் சல்லடையாக மட்டும் வையுங்கள். முந்நூறு பேர் வீட்டிலிருந்து எழுதட்டும். பூட்டு உலாவி போதும், கேமரா வேண்டாம். அதில் தேறும் முப்பது நாற்பது பேரை நேர்காணலுக்கு அழைக்கும் நாளில், உங்கள் அலுவலகக் கணினியிலேயே இருபது நிமிட உறுதித் தேர்வு ஒன்று வையுங்கள். அதே வகை வினாக்கள், வேறு எண்கள். இரண்டு மதிப்பெண்ணுக்கும் பெரிய இடைவெளி இருந்தால் அதைப் பற்றியே நேர்காணலில் கேளுங்கள். நேரில் மீண்டும் தேர்வு உண்டு என்பதை முதல் மின்னஞ்சலிலேயே சொல்லிவிடுங்கள். ஆள்மாறாட்டம் செய்ய நினைப்பவர்களில் பலர் அந்த ஒரு வரியைப் படித்ததுமே விலகிவிடுவார்கள். உங்கள் 90 மதிப்பெண்காரரும் இந்த ஏற்பாட்டில் அதிக தூரம் வந்திருக்க மாட்டார்.

ஜொகூர்க்காரர்களும் நேர்காணலுக்கு எப்படியும் வரப்போகிறவர்கள்தான். தமிழ்நாட்டிலிருந்து எழுதுபவர்களுக்கு மட்டும் ஆளே உட்கார்ந்து பார்க்கும் அந்தச் சேவையை, தலைக்கு இவ்வளவு என்ற கணக்கில் வாங்குங்கள். ஆண்டுச் சந்தாவில் குறைந்தபட்ச எண்ணிக்கை போட்டிருப்பார்கள். பத்துப் பேருக்காக ஐந்நூறு இருக்கைகள் வாங்க வேண்டியதில்லை. அரசாங்கத்தின் மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் மூலம் ஆளை உறுதி செய்கிறோம் என்று ஒரு விற்பனையாளர் சொன்னால் இங்கே இருப்பவர்களுக்கு அது நல்ல வழி. ஆனால் இன்னும் வேலை அனுமதி கிடைக்காத வெளிநாட்டவரிடம் சிங்பாஸ் இருக்காது. அவர்களுக்கு மாற்று வழி என்ன என்று கேளுங்கள்.

இப்போது வினாக்கள். நாற்பது வினாக்களை ஆண்டு முழுக்க எல்லோருக்கும் அதே வரிசையில் கொடுத்தால், இரண்டாவது மாதமே அவை வாட்ஸ்அப்பில் சுற்றும். எந்தப் பூட்டாலும் இதைத் தடுக்க முடியாது. கைப்பேசியால் திரையை ஒரு படம் எடுத்தால் போதும். நூற்றைம்பது இருநூறு வினாக்கள் கொண்ட வினா வங்கி இருந்து, ஒவ்வொருவருக்கும் வேறு வேறு வினா வர வேண்டும், விடைத் தெரிவுகளின் வரிசையும் மாற வேண்டும். ஒவ்வொரு வினாவுக்கும் எத்தனை விநாடி எடுத்தார்கள் என்ற பதிவும் வேண்டும். கடினமான வினா ஒன்றை எல்லோரும் திடீரென்று எட்டு விநாடியில் சரியாகப் போட ஆரம்பித்தால், அது கசிந்துவிட்டது என்று அர்த்தம், தூக்கிவிடுங்கள்.

பாடப்புத்தக வினாக்களைக் குறையுங்கள். 'மின்சுற்று முறிப்பான் என்றால் என்ன' என்பதற்கு சாட்ஜிபிடி ஒரு நொடியில் எழுதித் தரும். பழுதான குளிர்சாதனப் பெட்டி பற்றிக் குடியிருப்பாளர் அனுப்பிய புகார், வேலைப் பதிவேடு, உதிரிபாக விலை மூன்றையும் கொடுத்து, இன்று முதலில் எதைச் செய்வீர்கள், ஏன் என்று கேளுங்கள். இதற்கும் இயந்திரம் பதில் எழுதும்தான். ஆனால் நேரில் 'ஏன் இதை முதலில் வைத்தீர்கள்' என்று கேட்கும்போது, தானே யோசித்தவர் பேசுவார். வினாக்களை எழுதியது நீங்கள் என்றால் அவை உங்கள் சொத்து. ஒப்பந்தத்தில் அது இருக்கட்டும். சில சேவைகள் வாடிக்கையாளர் ஏற்றும் வினாக்களைப் பொது வங்கியில் சேர்த்துக்கொள்ளும் உரிமையைச் சிறிய எழுத்தில் போட்டுவைத்திருக்கும்.

கடைசியாகத் தகவல் பாதுகாப்பு. இதை விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் மொபைல் கார்டியன் என்ற, மாணவர்களின் சாதனங்களைக் கட்டுப்படுத்தும் நிர்வாகச் செயலி ஊடுருவப்பட்டு, இங்கே 26 உயர்நிலைப் பள்ளிகளில் சுமார் 13,000 மாணவர்களின் சாதனங்களிலிருந்து தகவல்கள் அழிக்கப்பட்டன. கல்வி அமைச்சு அந்தச் செயலியையே நீக்கியது. மாணவர்களோ பள்ளிகளோ தவறு எதுவும் செய்யவில்லை, வெளியே வாங்கிய மென்பொருளில் ஓட்டை. தேர்வு மென்பொருளும் இதே வகைதான்: அடுத்தவர் கணினிக்குள் ஆழமான அதிகாரத்தோடு இறங்குகிறது. தேர்வு முடிந்ததும் அதை முழுதாக நீக்க முடிகிறதா, நிர்வாகி அனுமதி கேட்கிறதா என்று பாருங்கள்.

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி விற்பனையாளர் உங்கள் சார்பில் தகவலைக் கையாள்பவர் மட்டுமே, பொறுப்பு உங்களுடையது. 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தகவல் கசிந்தாலோ, ஒருவருக்கேனும் பெரிய பாதிப்பு வரக்கூடும் என்றாலோ, அப்படி மதிப்பிட்ட 3 நாள்களுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும். அபராதம் 10 லட்சம் வெள்ளிவரை போகலாம். ஆண்டு வருவாய் ஒரு கோடி வெள்ளியைத் தாண்டிய நிறுவனத்துக்கு உள்ளூர் வருவாயில் 10 விழுக்காடுவரை. ஆகவே விற்பனையாளர் தன் பக்கத்தில் கசிவு தெரிந்ததும் உங்களுக்கு உடனே, மணிக்கணக்கு குறிப்பிட்டு, அறிவிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

அடையாள அட்டையைக் கேமராவில் காட்டச் சொல்லிப் பார்ப்பது ஒன்று, அதன் படத்தைச் சேமித்து வைப்பது வேறு. சட்டம் கேட்டால் அல்லது ஆளைத் துல்லியமாக உறுதிப்படுத்தியே ஆக வேண்டும் என்றால் தவிர, அடையாள அட்டை எண்ணைச் சேகரிக்கக் கூடாது என்பது 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள வழிகாட்டி. தேர்வுக்கான கடவுச்சொல்லாக அந்த எண்ணைக் கொடுக்கும் நிறுவனங்கள் இன்னும் இருக்கின்றன. அப்படி ஒரு மென்பொருள் உங்களிடம் வந்தால் மேற்கொண்டு பேச வேண்டாம்.

சான்றிதழ்களையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். தகவல் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 27001 இருக்கிறது என்றால் அதன் எல்லைக் குறிப்பைக் கேளுங்கள். தலைமை அலுவலகத்துக்கு மட்டும் வாங்கிய சான்றிதழாக இருக்கும், தேர்வு ஓடும் தளம் அதில் இருக்காது. வெளித் தணிக்கையாளர் பாதுகாப்பு ஏற்பாடுகளைப் பார்த்து எழுதும் சாக் 2 அறிக்கை என்றால் இரண்டாம் வகையா என்று கேளுங்கள். முதல் வகை ஒரு நாள் நிலவரத்தைக் காட்டும், இரண்டாம் வகை சில மாதங்கள் பார்த்துச் சொல்வது. இங்குள்ள சிறிய நிறுவனமாக இருந்தால் இணையப் பாதுகாப்பு அமைப்பின் சைபர் எசென்ஷியல்ஸ் முத்திரையாவது இருக்கட்டும். 'சர்வர் சிங்கப்பூரில்தான் இருக்கிறது' என்பார்கள். காணொளிப் பதிவும் காப்பு நகலும் எங்கே, எந்த நாட்டு உதவிப் பிரிவு அவற்றைத் திறந்து பார்க்கலாம் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. வெளிநாட்டுக்குப் போனால் அங்கேயும் இங்குள்ள அளவு பாதுகாப்பு இருப்பதை உறுதி செய்வது உங்கள் கடமை.

பதிவுகளை எத்தனை நாள் வைத்திருப்பது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். வேலை முடிவும் மேல்முறையீடும் முடிந்த பிறகு காணொளிக்கு எந்த வேலையும் இல்லை. தானாக அழியும் வசதி இல்லாத மென்பொருளில் அதை யாரும் அழிக்கப் போவதில்லை.

கையெழுத்திடும் முன் உங்கள் ஊழியர்களில் பத்துப் பேரை எழுதச் சொல்லுங்கள். பழைய மடிக்கணினி வைத்திருப்பவர் ஒருவர், கைப்பேசி இணைப்பில் எழுதுபவர் ஒருவர், கண்பார்வை குறைந்தவர் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். நடுவில் வைஃபையை அணைத்துவிட்டு மீண்டும் போடுங்கள்: எழுதிய விடைகள் இருக்கின்றனவா, மீதி நேரம் அப்படியே நிற்கிறதா? இருவரை ஏமாற்றியே எழுதச் சொல்லுங்கள், எப்படி என்பதை அவர்கள் விருப்பத்துக்கு விடுங்கள். இந்தச் சோதனைக்கு ஒப்புக்கொள்ளாத விற்பனையாளரின் விலைப்பட்டியலை அன்றே ஒதுக்கிவிடலாம்.