அரச வேலையில் 3 வீதம்: மலையக மாற்றுத்திறனாளிகளின் கேள்விகளுக்குப் பதில்

எனக்கு வலது காலில் போலியோ. இலங்கை மலையகத்தில் ஒரு தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து, பிரதேச செயலகம் ஒன்றில் 22 வருடம் முகாமைத்துவ உதவியாளராக இருந்தேன். நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தலவாக்கலையிலிருந்து ஒரு தம்பி: அக்கா, எனக்கு இடது கை இல்லை. ஏ.எல். சித்தி. அரசாங்க வேலையில் எங்களுக்கு 3 வீதம் என்பது உண்மையா?

உண்மைதான் தம்பி. 1988இல் வந்த 27/88 இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை அது. அரச சேவையிலும் கூட்டுத்தாபனங்களிலும் வெற்றிடம் நிரப்பும்போது 3 வீதத்தை நமக்கு ஒதுக்கச் சொல்கிறது. நிபந்தனை இரண்டு: தகைமை இருக்க வேண்டும், குறைபாடு கடமைக்குத் தடையாக இருக்கக் கூடாது.

இந்த இரண்டாவதில்தான் நம் பிள்ளைகள் விழுகிறார்கள். தடையா இல்லையா என்று முடிவு செய்வது மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர். என் நேர்முகப் பரீட்சையில் ஒருவர் சான்றிதழைப் பார்க்கவே இல்லை, காலைத் தாங்க நான் போட்டிருந்த கலிப்பர் என்ற இரும்புச் சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கோப்பெல்லாம் மேல்மாடியில. எப்படி ஏறுவீங்க?" என்றார். "காட்டட்டுமா சேர்?" என்று எழுந்தேன். கைப்பிடியைப் பிடித்து ஏறி, ஒரு கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கி வந்தேன். படிக்குப் படி கலிப்பர் கிளிக் கிளிக் என்றது. வேலை கிடைத்தது. ஆனால் அந்த அலுமாரியைக் கீழே இறக்கி வைத்திருந்தால் போதுமே, நான் ஏன் ஏறிக் காட்ட வேண்டும் என்று இன்றைக்கும் மனசு கேட்கிறது. நீங்கள் ஒற்றைக் கையால் டைப் செய்வீர்கள் என்றால் அந்த வேகத்தையும் விண்ணப்பத்திலேயே எழுதுங்கள்.

பண்டாரவளைத் தாய் ஒருவர்: மகளுக்குப் பார்வை இல்லை. பட்டப்படிப்பு முடியப் போகிறது. போட்டிப் பரீட்சையைத் தமிழில் எழுதலாமா?

எழுதலாம் அம்மா. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை அந்த உரிமையைத் தருகிறது. சிங்களத்தைப் பிறகு கற்கச் சொல்லலாம், அவ்வளவுதான். எழுத உதவியாள் வேண்டுமென்றால் விண்ணப்பிக்கும்போதே எழுத்தில் கேளுங்கள், கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம். பார்வையற்ற பட்டதாரிகள் அரச பாடசாலைகளில் படிப்பித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இராகலை: பிரதேச சபையில் கேட்டேன். "வெற்றிடமே 4, அதில 3 வீதம் எங்க வரும்" என்கிறார்கள்.

கணக்கு சரி, கணக்குப் போடும் இடம்தான் பிழை. 4இல் 3 வீதம் 0.12. ஒரு முழு ஆள் வர 34 வெற்றிடமாவது வேண்டும். சின்ன அலுவலகம் ஒவ்வொன்றும் தனித்தனியாக எண்ணினால் யாருக்குமே கிடைக்காது. மாகாணம் முழுவதையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அப்புறம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் தகவல் உத்தியோகத்தரிடம் தமிழிலேயே கேளுங்கள்: ஐந்து வருடத்தில் எத்தனை பேரை எடுத்தீர்கள், அதில் மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர்? தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் சொல்லியாக வேண்டும்.

மஸ்கெலியா: சுற்றறிக்கையை மீறினால் வழக்குப் போடலாமா?

சுற்றறிக்கை சட்டம் அல்ல, அதுதான் அதன் பலவீனம். ஆனால் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, குறைபாட்டைக் காரணம் காட்டி ஆட்சேர்ப்பில் பாகுபாடு செய்வதைத் தடுக்கிறது. மாகாண மேல் நீதிமன்றம் போகலாம். அடிப்படை உரிமை வழக்கு என்றால், உரிமை மீறப்பட்டு ஒரே மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போக வேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. எதையும் பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைப் பத்திரப்படுத்துங்கள்.

ஹப்புத்தளை: சக்கர நாற்காலியில் இருக்கிறேன். அலுவலக வாசலில் படி.

பொதுக் கட்டடங்களுக்குள் நாம் போய்வர வசதி செய்ய வேண்டும் என்று 2006இலேயே ஒழுங்குவிதி வந்துவிட்டது. அதைக் குறிப்பிட்டுச் சாய்தளம் கேளுங்கள். ஆனால் எனக்குப் பெரிய கவலை அலுவலகப் படி அல்ல, லயத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு இறங்கும் படி. மழை நாளில் பாசி பிடித்துக் கிடக்கும், நாற்காலியோடு உங்களைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். நியமனம் கிடைத்தால், பஸ் ஏறாமல் போகக்கூடிய அலுவலகத்தையே முதல் கடிதத்தில் கேளுங்கள். அந்தப் பாதையைப் படமெடுத்துக் கடிதத்தோடு இணையுங்கள். கொழும்பில் இருந்து பார்ப்பவருக்கு அந்தப் படி தெரியாது.