தலைப்பின் கடைசிச் சொல்

அன்புள்ள ஐயா,

கொள்ளிடம் கூட்டுக் குடிநீர் நான்கு நாளாக வரவில்லை என்று எங்கள் நகர்மன்றக் கூட்டத்தில் இரண்டு பெண் கவுன்சிலர்கள் கேள்வி எழுப்பினார்கள். மறுநாள் மாவட்டப் பக்கத்தில் 'நகர்மன்றத்தில் குழாயடிச் சண்டை' என்று தலைப்பு. முந்தைய கூட்டத்தில் ஆண் கவுன்சிலர்கள் மேஜையைத் தட்டிக் கத்தியது 'காரசார விவாதம்' ஆனது. செய்திக்குள் பிழை இல்லை. தலைப்பை மட்டும் எப்படிக் கேட்பது?

க., திருவாரூர் மாவட்டம்

அன்புள்ள க.,

தமிழ்த் தலைப்பில் தீர்ப்பு பெரும்பாலும் கடைசிச் சொல்லில் இருக்கும். கோரிக்கை, கண்டனம், தீர்மானம் என்றால் செயல். ஆவேசம், கண்ணீர், குமுறல் என்றால் மனநிலை. ஒரு மாதத்து மாவட்டப் பக்கங்களை எடுத்துக் கடைசிச் சொல்லை மட்டும் அடிக்கோடிடுங்கள். எந்தச் சொல் யார் பெயரோடு ஒட்டுகிறது என்று பார்த்துவிடலாம்.

சம்பா அறுவடையில் ஒன்றியத் தலைவர் ஒருவர் டிபிசிக்கு, அதாவது அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய், நெல்லின் ஈரப்பத வரம்பை 17 சதவீதத்திலிருந்து 22 ஆக்குங்கள், மூட்டைகளுக்குத் தார்ப்பாய் கொடுங்கள் என்று கேட்கிறார் என்று வையுங்கள். 'கொள்முதல் நிலையத்தில் பெண் தலைவர் ஆவேசம்' என்று போட்டால் ஈரப்பதமும் போச்சு, தார்ப்பாயும் போச்சு. 'ஈரப்பத வரம்பு 22%: ஒன்றியத் தலைவர் கோரிக்கை' என்பதும் அதே இடத்தில் அடங்கும். இடம் இல்லை என்பார்கள். 'பெண்' என்ற சொல்லுக்கு மட்டும் எப்படியோ இடம் கிடைத்துவிடுகிறது!

உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத ஒதுக்கீடு என்று 2016-லேயே சட்டம் திருத்தியாயிற்று. இன்னமும் 'பெண் மேயர் ஆய்வு' எதற்கு? 'மேயர் ஆய்வு' போதும். வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதே செய்தி என்றால் அந்தச் சொல் இருக்கட்டும். பெயரை மாற்றி ஆணுக்கு இப்படி எழுதுவார்களா என்று பார்க்கும் சோதனை அந்த இடத்தில் உதவாது. புகழ்ச்சிக்கு உதவும்: 'தாயுள்ளத்தோடு நிவாரணம் வழங்கிய எம்.எல்.ஏ.' என்பதை ஒரு ஆண் எம்.எல்.ஏ.வுக்குப் போட்டுப் பாருங்கள்.

'முன்னாள் கவுன்சிலர் மனைவி வெற்றி' என்பது வேறு வியாதி. நிருபர் கையில் இருப்பது கணவரின் செல்போன் எண். அவர் சொன்னதே தலைவரான மனைவி சொன்னதாக அச்சாகிறது. தலைப்பைத் திருத்தி இதைச் சரிசெய்ய முடியாது. தலைவரிடமே பேசினீர்களா என்றுதான் கேட்க வேண்டும்.

உங்கள் ஊர் நிருபரைத் திட்டாதீர்கள். தலைப்புப் போடுவது பெரும்பாலும் பதிப்பு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் துணை ஆசிரியர். ஆசிரியருக்கு எழுதுங்கள்: தேதி, பதிப்பு, பக்க எண், அச்சான தலைப்பு, கூடவே அதே அளவில் உங்கள் மாற்றுத் தலைப்பு. இங்கே '4 நாளாகக் குடிநீர் இல்லை: கவுன்சிலர்கள் கேள்வி' என்று கொடுக்கலாம். 'பெண்களை இழிவுபடுத்துகிறீர்கள்' என்று தொடங்கினால் கடிதம் அங்கேயே நின்றுவிடும். இணையப் பதிப்பு என்றால் முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள், மதியத்துக்குள் தலைப்பு மாறிவிடலாம்.