‘ஷவரே இல்லாத டாய்லெட்டுக்கு எதற்கு வாட்டர்ப்ரூஃபிங்?’ கான்ட்ராக்டர் இப்படிக் கைகழுவ முடியுமா?

கேள்வி: எங்கள் ஃபிளாட்டில் ஹாலை ஒட்டி, விருந்தினர்களுக்காக ஒரு சின்ன டாய்லெட் உண்டு. எட்டு மாதத்துக்கு முன்பு பழைய டைல்ஸை உடைத்துப் புதிதாகப் போட்டோம். இப்போது கீழ்வீட்டின் சீலிங்கில் நீர் கசிகிறது. “ஷவர் இல்லாத இடத்துக்கு வாட்டர்ப்ரூஃபிங் தேவையில்லை, கொட்டேஷனிலும் அது கிடையாது” என்கிறார் கான்ட்ராக்டர். கீழ்வீட்டுக்காரர் என்னிடம் செலவைக் கேட்கிறார். என்ன செய்வது?

பதில்: தரையை நீங்கள் இன்னும் உடைக்கவில்லை என்று நம்புகிறேன். அவசரப்பட்டு உடைத்தால் உங்கள் சாட்சியமும் இடிபாட்டோடு குப்பைக்குப் போய்விடும். இன்றே அந்த டாய்லெட்டுக்கு வரும் தண்ணீரை மூடி, பயன்படுத்துவதை நிறுத்துங்கள். கீழ்வீட்டுச் சேதம் பெரிதாகாமல் தடுப்பது உங்கள் பொறுப்பு.

அடுத்து, இரு தரப்பையும் சாராத ஒரு சிவில் இன்ஜினியரை வைத்துச் சோதியுங்கள். தேதியைக் கான்ட்ராக்டருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அவர் வராவிட்டால் அதையும் அறிக்கையில் குறிக்கச் சொல்லுங்கள். கசிவு குழாயிலிருந்தா, கம்மோடு இணைப்பிலிருந்தா, தரையிலிருந்தா என்று அறிக்கை பிரித்துச் சொல்ல வேண்டும். வழக்கின் முதுகெலும்பே அதுதான்.

‘ஷவர் இல்லை’ என்ற வாதம் நிற்காது. நம் டாய்லெட்டில் ஹெல்த் ஃபாசெட் இருக்கிறது. தரையில் தண்ணீரை ஊற்றித்தான் கழுவுகிறோம். டைல்ஸ் இடுக்கில் பூசும் சிமென்ட் கிரவுட் தண்ணீரை முழுதாகத் தடுக்காது. தடுப்பது அடியில் இருக்கும் வாட்டர்ப்ரூஃபிங் பூச்சுதான். பழைய டைல்ஸைப் பெயர்க்கும்போது அந்தப் பூச்சும் பெரும்பாலும் சேதமாகிவிடும். அதைத் திரும்பப் போட வேண்டும், அல்லது போடாவிட்டால் கசியும் என்று எச்சரிக்கவாவது வேண்டும். வேலை தெரிந்தவரிடம் இதை எதிர்பார்ப்பது நியாயம்தானே? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(11) சேவையின் தரத்திலும் செய்யும் முறையிலும் உள்ள குறைபாட்டைத்தான் ‘சேவைக் குறைபாடு’ என்கிறது. கொட்டேஷனில் ஒரு வரி இல்லை என்பதால் மட்டும் அவர் தப்பிவிட முடியாது.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லுங்கள். வாட்டர்ப்ரூஃபிங் செய்யலாமா என்று கான்ட்ராக்டர் கேட்டு, செலவைப் பார்த்து நீங்கள் வேண்டாம் என்றீர்களா? அப்படியானால் உங்கள் நிலை பலவீனம்தான். வாட்ஸ்அப் உரையாடல் முழுவதையும் அழிக்காமல் வையுங்கள், உங்களுக்குப் பாதகமான பகுதி உட்பட.

கீழ்வீட்டுக்காரரிடம் “கான்ட்ராக்டரைப் போய்ப் பிடியுங்கள்” என்று சொல்லாதீர்கள். உங்கள் தரையிலிருந்து கசிவது உறுதியானால் அவர் சிவில் நீதிமன்றத்தில் உங்கள்மீதுதான் வழக்குப் போடுவார். சரிசெய்யும்படி உத்தரவும் நஷ்டஈடும் கேட்கலாம். அவரோடு நேரில் உட்கார்ந்து பேசுங்கள். கொடுக்கும் பணத்துக்கு, எந்த வேலைக்கு என்று குறிப்பிட்டு ரசீது வாங்குங்கள். அந்தத் தொகையைப் பிறகு கான்ட்ராக்டரிடம் கேட்கலாம். தரையை மறுபடி போடும் வேலை இன்னொரு மூன்று மாதம் தள்ளிப்போனாலும், கீழ்வீட்டுக்காரர் தலைக்கு மேல் சொட்டுவதை முதலில் நிறுத்துங்கள்.

கட்டடம் புதிது என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் பில்டருக்கு ஐந்து ஆண்டுப் பொறுப்பு உண்டு. ஆனால் தரையை நீங்களே மாற்றியிருப்பதால் அவர் அதைத்தான் காரணம் காட்டுவார்.

சரி, கான்ட்ராக்டருக்கு இன்ஜினியர் அறிக்கையை இணைத்து, 15 நாள் அவகாசம் கொடுத்துப் ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால், நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். வேலைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம்.

“மறுபடி செய்து தருகிறேன்” என்று அவரே முன்வந்தால் ஒப்புக்கொள்ளலாம். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் தரையில் 24 மணி நேரமாவது தண்ணீரைத் தேக்கிவைத்து, கீழ்வீட்டு சீலிங்கை உங்கள் இன்ஜினியர் பார்த்துச் சரி என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த நிபந்தனையை மட்டும் காகிதத்தில் கையெழுத்தாக வாங்கிவிடுங்கள்.