கறுப்புக் கையுறைக்கு வக்காலத்து

கேள்வி: இத்தாலியக் கொலைப் படங்களுக்கு ‘ஜல்லோ’ என்று பெயர் வைத்துச் சிலர் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். போன இதழில் நீங்களும் ஆடியிருந்தீர்கள். ஆசைக்கு இரண்டு பார்த்தேன். கதையில் தலையும் இல்லை, வாலும் இல்லை. வாய் ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம். அழகான பெண்களாகப் பார்த்துக் குத்துகிறான். கடைசியில் இவன்தான் கொலைகாரன் என்று யாரையோ இழுத்துக்கொண்டு வருகிறார்கள். இந்த வக்கிரத்தில் என்ன ரசனை? நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?
- பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், தஞ்சாவூர்

பதில்: பெயரை மறைத்துக்கொண்டு கேட்கிற அளவுக்கு இது ஒன்றும் ஊழல் புகார் இல்லை. போகட்டும்.

கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். ‘நூறாவது நாள்’ பார்த்திருப்பீர்கள். மணிவண்ணன் இயக்கி 1984இல் வந்து சக்கைப்போடு போட்ட படம். மொட்டைத் தலையும் வட்டக் கண்ணாடியுமாக சத்யராஜ் வந்து நின்றபோது தியேட்டரில் நீங்களும் சீட்டு நுனிக்கு வந்திருப்பீர்கள். நளினிக்கு முன்கூட்டியே தெரிகிற கொலையும், சுவருக்குள் வைத்துப் பூசிய பிணமும் எங்கிருந்து வந்தன என்று நினைத்தீர்கள்? லூச்சோ ஃபுல்ச்சி என்கிற இத்தாலியர் 1977இல் எடுத்த ‘செத்தே நோத்தே இன் நேரோ’ என்ற ஜல்லோவிலிருந்து. நம்மிடமிருந்து அது இந்திக்குப் போய், 1991இல் மாதுரி தீட்சித் நடித்த ‘100 டேஸ்’ ஆயிற்று. அதே இத்தாலியப் படத்தின் இசையை ஹாலிவுட் இயக்குநர் டரான்டினோ ‘கில் பில்’ முதல் பாகத்தில் எடுத்துப் போட்டுக்கொண்டார். சம்பந்தம் நாற்பது வருஷமாக இருக்கிறது ஐயா. உங்களுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

இனி உங்கள் குற்றப்பத்திரிகை. கதையில் தலையும் வாலும் இல்லை என்பது பாதி உண்மை. 1929இலிருந்து இத்தாலியின் மொந்ததோரி பதிப்பகம் மஞ்சள் அட்டையில் துப்பறியும் நாவல்களாகப் போட்டுத் தள்ளியது. இத்தாலியத்தில் மஞ்சளுக்கு ஜல்லோ என்று பெயர், அந்த மஞ்சள்தான் இந்த ஜல்லோ. பெயர் அங்கிருந்து வந்ததால் பலரும் அகதா கிறிஸ்டியை எதிர்பார்த்து உட்கார்ந்து ஏமாந்துபோகிறார்கள். யார் கொன்றது என்ற கேள்வி இந்தப் படங்களில் டிக்கெட் விற்கத்தான். உள்ளே ஓடுகிற கதை வேறு. ஒருவன் ஒன்றைக் கண்ணால் பார்க்கிறான். பார்த்ததில் ஏதோ இடிக்கிறது. எது என்று பிடிபடவில்லை. படம் முழுக்க அவன் தன் ஞாபகத்தையே துருவிக்கொண்டிருக்கிறான். கூட உட்கார்ந்து நாமும் துருவுகிறோம்.

தாரியோ அர்ஜெண்டோ முப்பது வயதுகூட ஆகாத நிலையில் 1970இல் எடுத்த முதல் படத்தைப் பாருங்கள். ‘ஸ்படிகச் சிறகுப் பறவை’ என்று தமிழில் சொல்லலாம். ரோமில் தங்கியிருக்கும் அமெரிக்க எழுத்தாளன் ராத்திரி நடந்து போகிறான். தெருவுக்கு எதிர்ப்புறம் ஓவியக்கூடம். முகப்பு முழுக்கக் கண்ணாடி, உள்ளே பளீரென்று விளக்கு. கறுப்பு உடையில் ஒரு உருவமும் வெள்ளை உடையில் ஒரு பெண்ணும் கத்தியோடு மல்லுக்கட்டுகிறார்கள். ஓடி வருகிறான். முன் கதவு திறக்கிறது, இரண்டாவது கண்ணாடிக் கதவு மூடியிருக்கிறது, பின்னாலிருந்த கதவும் மூடிக்கொள்கிறது. இரண்டு கண்ணாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டான். உள்ளே அந்தப் பெண் ரத்தம் வழியத் தரையில் ஊர்ந்து வந்து கை நீட்டுகிறாள். சத்தம் அந்தப் பக்கமும் போகாது, இந்தப் பக்கமும் வராது. அவனால் பார்க்க மட்டும்தான் முடியும். சினிமா பார்க்கிறவனை இவ்வளவு துல்லியமாக எவரும் திரையில் நிறுத்தியதில்லை என்பேன். அவன் கண்ணில் பட்டது முழுக்க நிஜம். அதற்கு அவன் செய்துகொண்ட அர்த்தம்தான் பிசகு. இதற்கு மேல் சொன்னால் படம் போய்விடும்.

“யாரையோ இழுத்துக்கொண்டு வருகிறார்கள்” என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு அர்ஜெண்டோவே 1975இல் பதில் வைத்திருக்கிறார். ‘ப்ரொஃபோந்தோ ரொஸ்ஸோ’ படத்தில் டேவிட் ஹெமிங்ஸ் ஒரு பியானோ கலைஞர். கீழே சதுக்கத்தில் நின்றபடி, மேல்மாடி ஜன்னலில் ஒரு பெண் வெட்டப்படுவதைப் பார்க்கிறார். படியேறி ஓடுகிறார். அந்த வீட்டுத் தாழ்வாரத்தின் இருபுறமும் விகாரமான முகங்களாக வரைந்த ஓவியங்கள். கேமரா அவரோடு அதைக் கடந்து போகிறது. அப்புறம்தான் அவருக்கு உறுத்துகிறது: அங்கே இருந்த ஒரு படத்தைக் காணோமே? ரகசியம் இதுதான். கொலைகாரரின் முகம் அந்தத் தாழ்வாரத்திலேயே நமக்குக் காட்டப்பட்டுவிட்டது. ஒளித்து வைக்கவில்லை, வேறு நடிகரைப் போட்டு ஏமாற்றவில்லை. அன்றைக்குத் தியேட்டரில் திரும்ப ஓட்டிப் பார்க்க வழியில்லை. உங்களிடம் ரிமோட் இருக்கிறது, நிறுத்திப் பாருங்கள். முகம் அங்கேயே இருக்கும். அரை மணி நேரத்துக்குள் ஆளைக் கண்முன் காட்டியும் உங்களுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. இதைவிட நேர்மையாக ஒரு துப்பறியும் படம் எப்படி ஆட முடியும்?

லாஜிக் ஓட்டைகள் உண்டு. போலீஸ்காரர்கள் கையாலாகாதவர்கள். விசாரணை முழுவதையும் பியானோக்காரரும் எழுத்தாளரும் செய்கிறார்கள். சிரிப்புதான் வரும். ஆனால் அந்தப் பறவைப் படம் வெளியானது 1970 பிப்ரவரியில். அதற்கு இரண்டு மாதம் முன்பு, 1969 டிசம்பர் 12 அன்று, மிலான் நகரத்தின் பியாட்சா ஃபொந்தானாவில் வங்கிக்குள் குண்டு வெடித்து 17 பேர் செத்தார்கள். விசாரணைக்குப் பிடித்துப்போன ரயில்வே ஊழியர் ஒருவர் மூன்றாம் நாள் போலீஸ் அலுவலக மாடி ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தார். போலீஸ் சொன்ன கதையை ஊரில் பாதிப் பேர் நம்பவில்லை. அப்படிப்பட்ட ஊரில் அதிகாரி கண்டுபிடிப்பார் என்று படம் எடுத்தால் யார் நம்புவார்கள்? தன் கண்ணைத் தவிர வேறு துணையில்லாத கதாநாயகனை அந்தக் கூட்டம் சுலபமாக ஏற்றுக்கொண்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

வாயும் வசனமும் ஒட்டாத சமாசாரம் தனி. அன்றைய இத்தாலியில் படப்பிடிப்பின்போதே வசனத்தை ஒழுங்காகப் பதிவு செய்கிற வழக்கமே கிடையாது. உலகமே கொண்டாடுகிற இயக்குநர் ஃபெல்லினியின் படத்துக்கும் இதே கதிதான். இங்கிலாந்துக்காரர் ஆங்கிலத்திலும் ரோம்காரர் இத்தாலியத்திலும் பேசி நடித்துவிட்டுப் போவார்கள். பிறகு ஸ்டூடியோவில் ஆளுக்கொரு குரல் ஏறும். கதாநாயகிக்கெல்லாம் இரவல் குரல் கொடுத்தே வளர்ந்த சினிமாவைப் பார்த்துப் பழகிய நாம் இதற்கு முகம் சுளிப்பது கொஞ்சம் அதிகம்.

பெண்களைக் குத்துவதுதான் உங்கள் கனமான புகார். இதில் மழுப்ப மாட்டேன். அர்ஜெண்டோவின் பறவை பறந்ததும் பூனை, ஈ, பல்லி, தேள், ஓணான் என்று தலைப்புக்கு ஒரு மிருகக்காட்சிசாலையே திறந்து, இரண்டு மூன்று வருஷத்தில் படங்களைக் கொட்டித் தீர்த்தார்கள். பாதிக்கு மேல் குப்பை. பெண்ணின் உடையைக் கழற்ற ஒரு காட்சி, கழுத்தை அறுக்க ஒரு காட்சி, நடுவே மேஜைமேல் ஜே அண்ட் பி விஸ்கி பாட்டில் (எந்தப் படத்தைப் போட்டாலும் அந்த பாட்டில் எட்டிப் பார்க்கும், ரசிகர்கள் அதைத் தேடுவதையே ஒரு விளையாட்டாக வைத்திருக்கிறார்கள்). செர்ஜோ மார்த்தினோவின் ‘டார்சோ’, 1973, முதல் பாதியில் கேமராவுக்கு ஜொள்ளு விடுவதைத் தவிர வேறு வேலையில்லை. அதே படத்தின் கடைசி அரை மணி நேரம், காலில் அடிபட்ட பெண் ஒருத்தி கொலைகாரனோடு ஒரே வீட்டில் அகப்பட்டு, தான் இருப்பதே அவனுக்குத் தெரியாமலிருக்க மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். வசனம் கிட்டத்தட்டக் கிடையாது. இரண்டும் ஒரே ஆள் எடுத்ததுதான். மொத்தமாகத் தூக்கி எறியவும் முடியவில்லை, மொத்தமாகக் கும்பிடவும் முடியவில்லை.

வக்கிரம் எது, எது இல்லை என்று பார்க்க ஃபுல்ச்சியின் 1972 படம் ஒன்று இருக்கிறது. ‘வாத்துக்குட்டியை வதைக்காதே’ என்பது மாதிரித் தலைப்பு. தென் இத்தாலியில் ஒரு மலைக்கிராமம். சிறுவர்கள் ஒவ்வொருவராகக் கொல்லப்படுகிறார்கள். பில்லி சூனியம் வைக்கிற ஒருத்தி மேல் சந்தேகம். பிரேசிலில் பிறந்த ஃப்ளோரிந்தா போல்கன் அந்த வேஷம். குற்றமில்லை என்று போலீஸ் விட்டுவிடுகிறது. ஊர் ஆண்கள் விடவில்லை. கல்லறைத் தோட்டத்தில் மடக்கிச் சங்கிலியால் அடிக்கிறார்கள். பக்கத்தில் ரேடியோ ஓடிக்கொண்டிருக்கிறது. அடி விழ விழ அதில் ஓர்னெல்லா வனோனி காதல் பாட்டுப் பாடுகிறார். குற்றுயிரும் குலையுயிருமாக அவள் மேட்டில் ஊர்ந்து ஏறி நெடுஞ்சாலை ஓரத்துக்கு வருகிறாள். விடுமுறைக்குப் போகிற குடும்பங்கள் காரில் கடந்து போகின்றன. பார்க்கிறார்கள். ஒரு வண்டியும் நிற்கவில்லை. இந்தக் காட்சியில் வக்கிரம் இருக்கிறது, சத்தியமாக இருக்கிறது. அது கேமராவிடம் இல்லை.

ரத்தம் நிஜம் போலிருக்கிறது என்பவர்களுக்கு ஒரு உபரித் தகவல். இதே ஃபுல்ச்சி 1971இல் தலைப்பில் பல்லியை வைத்து எடுத்த படத்தில் அறுத்துப்போட்ட நாய்கள் வரும். நிஜ நாய்களை வதைத்ததாக வழக்கே வந்துவிட்டது. அவற்றைச் செய்த கார்லோ ரம்பால்தி பொம்மை நாய்களைக் கோர்ட்டில் கொண்டுவந்து காட்டித்தான் தப்பிக்க முடிந்தது. பிற்பாடு ஸ்பீல்பெர்கின் ‘ஈ.டி.’யைச் செய்து ஆஸ்கர் வாங்கிய அதே கைதான்.

நீங்கள் பார்த்த இரண்டு எவை என்று எழுதவில்லை. வரிசை தவறிப் பார்த்திருப்பீர்கள். மரியோ பாவா 1964இல் எடுத்த ‘சேய் தோன்னே பேர் லஸ்ஸஸ்ஸீனோ’வில் தொடங்குங்கள். ஃபேஷன் கடையில் மாடல் அழகிகள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். ஜல்லோ கொலைகாரனின் அடையாளங்களான முகத்தை மறைக்கும் வெள்ளைத் துணி, தொப்பி, கறுப்புக் கையுறை எல்லாம் அங்கேதான் ஒன்றுசேர்ந்தன. குழந்தைகள் இழுத்து விளையாடுகிற வண்டியில் கேமராவை வைத்துத் தள்ளிக்கொண்டு எடுத்த படம். பார்த்தால் ராஜா வீட்டுக் காசில் எடுத்தது மாதிரி இருக்கும், சிவப்பும் பச்சையும் ஊதாவுமாக விளக்கு. அடுத்து பறவை, மோரிகோனேயின் தாலாட்டு மாதிரியான இசைக்காகவும். அப்புறம் ‘ப்ரொஃபோந்தோ ரொஸ்ஸோ’. வெளிநாட்டுக்கென்று 20 நிமிடத்துக்கும் மேல் வெட்டிய பிரதி ஒன்று உலவுகிறது, அதைத் தொடாமல் முழு இத்தாலியப் பிரதியைத் தேடுங்கள். வாத்துக்குட்டி நாலாவது. ‘டார்சோ’வைத் தனியாக இருக்கும்போது போடுங்கள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமியார் மச்சான் எல்லோரும் கூடத்தில் இருக்கும்போது போட்டுவிட்டு, ஆசிரியர்தான் சொன்னார் என்று என் தலையை உருட்ட வேண்டாம்.