பாட்டியின் ஞானஸ்நானச் சீட்டில் ஒரு கூடுதல் ‘ஓ’

கேள்வி: நாங்கள் போத்தனூர் ரயில்வே காலனியில் வளர்ந்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பம். பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயர் பர்க். 1898-ஆம் ஆண்டின் பாட்டியுடைய ஞானஸ்நானச் சீட்டில் மட்டும் ஒரு ‘ஓ’ கூடுதலாகச் சேர்ந்து ‘போர்க்’ என்று இருக்கிறது. பாட்டியின் தாத்தா அயர்லாந்திலிருந்து வந்த சிப்பாய் என்பார்கள். பாட்டியின் பெரியப்பா பெயர் யூலிக். இதற்கு மேல் எதுவும் தெரியாது. பெர்த்தில் இருக்கும் என் சித்தி மகன், “பர்க் அயர்லாந்துப் பெயரே இல்லை, நாம் ஐரிஷ்காரர்களும் இல்லை” என்கிறான். கன்னிமாரா பிரபுவும் போர்க்தானே, அவர் வழியாக இருக்குமோ என்று அம்மாவுக்கு ஓர் ஆசை. எங்கே தேடத் தொடங்குவது?
– வாசகி, கோவை

அன்புள்ள வாசகிக்கு,

சித்தி மகன் சொன்னதில் பாதி சரி. பர்க் என்ற பெயர் அயர்லாந்தில் பிறந்ததல்ல. ஆனால் அதை வைத்து “நாம் ஐரிஷ் இல்லை” என்று முடிவு கட்டுவது தவறு. இதைத் தெளிவுபடுத்திவிட்டால் எங்கே தேடுவது என்பதும் தானாகப் புலப்படும்.

1185-ல் இங்கிலாந்து இளவரசர் ஜான் அயர்லாந்துக்குப் போனார். கூடப் போனவர்களில் ஒருவர் வில்லியம் டி பர்க் என்ற நார்மன் வீரர். நார்மன்கள் என்றால் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்தவர்கள். ‘டி’ என்றால் ‘இன்ன ஊர்க்காரர்’. நம் ஊரில் இனிஷியலாக ஊர்ப்பெயரைச் சேர்த்துக்கொள்கிறோமே, அது போலத்தான். அந்த ஊர் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் உள்ளது என்று கொள்வது வழக்கம். வில்லியமின் மகன் ரிச்சர்ட் 1235-ல் அயர்லாந்தின் மேற்குப் பகுதியான கானக்ட்டைப் பிடித்தார். அடுத்தடுத்த தலைமுறைகளில் வடக்கே அல்ஸ்டரும் கைக்கு வந்தது. ‘சிவப்பு ஏர்ல்’ (ஏர்ல் என்பது ஒரு பிரபுப் பட்டம்) என்று பெயர் பெற்ற இன்னொரு ரிச்சர்டின் மகள் எலிசபெத், ஸ்காட்லாந்தின் ராபர்ட் புரூஸை மணந்து அந்த நாட்டுக்கு ராணியானார். அதுவரைக்கும் இது நார்மன் பிரபுக் குடும்பத்தின் கதைதான்.

கதை திரும்புவது 1332-ல். அப்போதைய தலைவர், இருபது வயதுகூட ஆகாத வில்லியம், தன் சொந்தக்காரரான வால்டர் பர்க்கைச் சிறையில் போட்டுப் பட்டினியால் சாகவிட்டார். மறு ஆண்டே, 1333 ஜூனில், கேரிக்ஃபெர்கஸ் அருகே அவரை அவருடைய ஆட்களே கொன்றார்கள். அவர் விட்டுச் சென்றது ஒரே ஒரு பெண் குழந்தை. ஆங்கிலச் சட்டப்படி அத்தனை நிலமும் அந்தக் குழந்தைக்குத்தான். அவள் யாரை மணக்கிறாளோ அவன் கைக்கு அது போய்ச் சேரும். கானக்ட்டில் இருந்த பங்காளிகள் இதை ஏற்கவில்லை. தங்களுக்குள்ளும் அடித்துக்கொண்டு, கடைசியில் நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள்.

பிரித்துக்கொண்டவர்கள் தங்களை ஆங்கிலப் பிரபுக்கள் என்று அழைத்துக்கொள்ளவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ‘மக்வில்லியம்’, அதாவது வில்லியமின் மகன், என்று ஐரிஷ் குலத்தலைவர்களைப் போலப் பட்டம் சூட்டிக்கொண்டார்கள். மேயோ பகுதியில் இருந்தவர் கீழ் மக்வில்லியம், கால்வே பகுதியில் இருந்தவர் மேல் மக்வில்லியம். கீழத்தெரு, மேலத்தெரு மாதிரி. லிமரிக், டிப்பரரி எல்லையில் மூன்றாவதாக ஒரு கிளையும் உண்டு. ஐரிஷ் மொழி பேசினார்கள், ஐரிஷ் சட்டப்படி வழக்குத் தீர்த்தார்கள், ஐரிஷ் புலவர்களை ஆதரித்தார்கள். பெயரும் ‘டி பூர்கா’ ஆயிற்று. மேயோ கிளையின் ரிச்சர்ட் போர்க் மணந்தது யாரைத் தெரியுமா? கடலரசி என்று புகழ்பெற்ற கிரானியா ஓமாலியை. 1593-ல் கிரீன்விச்சில் முதலாம் எலிசபெத் ராணியை நேருக்கு நேர் சந்தித்த அதே அம்மையார். 1990-ல் அயர்லாந்தின் முதல் பெண் குடியரசுத் தலைவரான மேரி ராபின்சனும் மேயோவின் பாலினா ஊரில் போர்க் வீட்டில் பிறந்தவர்தான். எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரு மண்ணில் வாழ்ந்து, அதன் மொழியைப் பேசி, அதன் பஞ்சத்தில் செத்த குடும்பத்தை அந்த மண்ணுக்கு அந்நியம் என்று சொல்ல என்னால் முடியாது. சித்தி மகனுக்கு இதை அப்படியே அனுப்புங்கள்.

இன்னொன்றும் அவருக்குத் தெரிய வேண்டும். இந்தக் குடும்பத்தின் கிளைகள் சில பர்க் என்ற பெயரையே விட்டுவிட்டன. ஜென்னிங்ஸ் என்பது ‘குட்டி ஜானின் மகன்’, கிப்பன்ஸ் என்பது ‘குட்டி கில்பர்ட்டின் மகன்’, ஃபில்பின் என்பது ‘குட்டி பிலிப்பின் மகன்’. மேயோ, கால்வே பக்கத்து இந்த மூன்று பெயர்களும் பர்க் மரத்தின் கிளைகளே. அங்கே ஒரு ஜென்னிங்ஸ் உங்களுக்குப் பங்காளியாக இருக்கலாம். அதே சமயம், இங்கிலாந்தில் தனியாக அதே மாதிரி ஊர்ப்பெயரிலிருந்து வந்த பர்க் ஒருவர் உங்களுக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று ஆகலாம். பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் வழி தவறுவது இதனால்தான்.

இனி அந்த ‘ஓ’. பி-யு-ஆர்-கே-இ என்று எழுதினாலும், நடுவில் ஓ சேர்த்து எழுதினாலும் அது ஒரே பெயர். கால்வேயில் ‘ஓ’ இல்லாத வடிவமும், மேயோ, லிமரிக், டிப்பரரி பக்கம் ‘ஓ’ உள்ள வடிவமும் அதிகம் என்பது பொதுவான போக்கு. ஆனால் இதை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு சிப்பாயின் பெயரை எப்படி எழுதுவது என்று முடிவு செய்தவர் எதிரில் பேனாவோடு உட்கார்ந்திருந்தவர். உங்கள் பாட்டியின் சீட்டில் சாமியாரின் கையெழுத்தைப் பாருங்கள். அந்தக் காலத்தில் கோவைப் பகுதியில் ஊழியம் செய்தவர்கள் பாரிஸ் மிஷனைச் சேர்ந்த பிரெஞ்சுச் சாமியார்கள். ஓ-யு சேர்த்து எழுதுவது பிரெஞ்சுக் கைக்குப் பழக்கம். அந்தக் கூடுதல் எழுத்து மேயோவிலிருந்து வந்திருக்கலாம், போத்தனூர் சாமியாரின் பேனாவிலிருந்தும் வந்திருக்கலாம். தேடும்போது இரண்டு வடிவத்தையும் போட்டுத் தேடுங்கள். முடிவுக்கு மட்டும் வந்துவிடாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறு. பெரியப்பாவின் பெயர்.

யூலிக் என்பது எல்லா ஐரிஷ் வீட்டிலும் வைக்கிற பெயரல்ல. வில்லியம் என்பதன் ஐரிஷ் வடிவத்திலிருந்து பிறந்தது, பர்க் குடும்பத்தோடு, குறிப்பாகக் கால்வே கிளையோடு, ஒட்டிப் பிறந்த பெயர். அந்தக் கிளையின் தலைவர் யூலிக் பர்க்தான் 1543-ல் எட்டாம் ஹென்றியிடம் பணிந்து கிளான்ரிகார்ட் ஏர்ல் பட்டம் பெற்றவர். அவருக்கு முன்னும் பின்னும் அந்த வீட்டில் யூலிக்குகள் உண்டு. ஐரிஷ்காரர்களிடம் மூத்த மகனுக்குத் தகப்பனைப் பெற்றவர் பெயரை வைக்கும் வழக்கம் இருந்தது. நமக்கு இது புதிதல்ல; பேரன் என்ற சொல்லே பெயரன்தானே. பாட்டியின் பெரியப்பா மூத்த பிள்ளையாக இருந்தால், சிப்பாய்த் தாத்தாவின் அப்பாவும் யூலிக்காக இருக்க வாய்ப்பு அதிகம். ஆக, ஆயிரக்கணக்கான பர்க்குகளுக்கு நடுவே நீங்கள் தேட வேண்டியது யூலிக் பர்க் என்ற ஒருவரை, அதிலும் முதலில் கால்வேயில். ஏர்ல் வம்சம் என்று இதற்குப் பொருளல்ல. அந்த வட்டாரத்துக் குடியானவர் வீடுகளிலும் இந்தப் பெயர் புழங்கியது.

பர்க்குகள் அயர்லாந்தை விட்டு எப்படி வெளியேறினார்கள்? முதல் பெரிய அலை 1691-ல். ஆக்ரிம் போரில் தோற்று, லிமரிக் உடன்படிக்கைக்குப் பிறகு ஆயிரக்கணக்கான கத்தோலிக்க வீரர்கள் பிரான்சுக்குக் கப்பலேறினார்கள். 1702-ல் இத்தாலியின் கிரெமோனா நகரைக் காத்து நின்றதில் பர்க் ரெஜிமெண்டுக்குப் பெயர் உண்டு. ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியைக் கடக்கப் போய் 1861-ல் கூப்பர் ஓடைக்கரையில் இறந்த ராபர்ட் ஓஹாரா பர்க் கால்வேக்காரர். பெர்த் சித்தி மகனுக்கு இந்தப் பெயர் பள்ளிப் பாடத்தில் வந்திருக்கும். ஆனால் உங்கள் சிப்பாய்த் தாத்தாவைத் தள்ளிவிட்டது பெரும்பாலும் 1845-ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சம்தான். சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதே அளவு பேர் நாட்டை விட்டுப் போனார்கள். மேயோவும் கால்வேயும் மிக மோசமாக அடிபட்ட இடங்கள். அமெரிக்காவுக்கு டிக்கெட் வாங்கப் பணமில்லாத பையனுக்குத் திறந்திருந்த கதவு ராணுவம். கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் ஐரோப்பிய ரெஜிமெண்டிலும் ஐரிஷ்காரர்கள் நிறைந்திருந்தார்கள். 1862-ல் பிரிட்டிஷ் அரசியின் படையில் சேர்ந்த அந்த ரெஜிமெண்டுக்கு 1881-ல் கிடைத்த பெயரே ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸ்.

அம்மாவின் ஆசைக்கு வருகிறேன். 1886 முதல் 1890 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்த கன்னிமாரா பிரபு, ராபர்ட் போர்க், மேயோ ஏர்லின் மகன். 1872-ல் அந்தமானில் கொல்லப்பட்ட வைஸ்ராய் மேயோ பிரபு அவருடைய அண்ணன். அவர்களுடையது ‘ஓ’ சேர்ந்த மேயோ கிளை. யூலிக்கோ கால்வே பக்கம் கை காட்டுகிறார். எனவே நெருங்கிய உறவு என்பதற்கு உங்கள் கையிலுள்ள எதுவும் சான்றில்லை. அம்மாவிடம் இதை மெதுவாகச் சொல்லுங்கள். கூடவே இதையும் சொல்லுங்கள்: ஆற்காடு நவாபின் கடன் விவகாரத்தை 1785-ல் பாராளுமன்றத்தில் போட்டு உடைத்த எட்மண்ட் பர்க்கும், தஞ்சாவூர் ராஜாவின் பிரதிநிதியாக லண்டனில் வாதாடிய வில்லியம் பர்க்கும் வாழ்நாள் முழுக்க ஒருவரையொருவர் உறவுக்காரர் என்றே அழைத்தவர்கள். அவர்கள் எந்த முறையில் உறவு என்பதை அறிஞர்களால்கூட இன்றுவரை நிறுவ முடியவில்லை.

இனி வேலை. அயர்லாந்தில் தொடங்காதீர்கள், போத்தனூரிலிருந்து பின்னோக்கிப் போங்கள். பாட்டி 1898 என்றால் சிப்பாய்த் தாத்தா ஏறக்குறைய 1830-க்கும் 1845-க்கும் இடையே பிறந்திருப்பார். மெட்ராஸ் மாகாணத்து ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் பதிவுகளின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் ‘என்/2’ என்ற வரிசையில் இருக்கின்றன, இணையத்திலும் பார்க்கலாம். ஆனால் கத்தோலிக்கக் கோவில்களின் நகல் முழுதாகப் போய்ச் சேரவில்லை. அதனால் இங்குள்ள பங்குக் கோவிலின் மூலப் பதிவேட்டை நேரில் பார்ப்பதே மேல். தாத்தாவின் கல்யாணப் பதிவில் அவருடைய ரெஜிமெண்ட் இருக்கும். அதுதான் சாவி. கம்பெனிப் படை என்றால் பிரிட்டிஷ் நூலகத்து ஆள்பட்டியல்கள், அரசியின் படை என்றால் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். அங்குள்ள ஓய்வூதியச் சிப்பாய்களின் தாளில் அச்சடித்த வாசகம் ஒன்று இருக்கும்: இன்ன பங்கில், இன்ன ஊரிலோ அதன் அருகிலோ, இன்ன கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) பிறந்தவர். அந்த மூன்று கோடிட்ட இடங்களுக்காகத்தான் இத்தனை தேடலும்.

பங்கு தெரிந்துவிட்டால் அயர்லாந்து எளிது. அங்கே அரசுப் பிறப்புப் பதிவு எல்லோருக்கும் தொடங்கியது 1864-ல்தான். தாத்தாவுக்கு அது உதவாது. 1922 ஜூனில் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்து பழைய மக்கள்தொகைக் கணக்குகள் சாம்பலாயின. ஆனால் கத்தோலிக்கப் பதிவேடுகள் அந்தந்தப் பங்கிலேயே இருந்ததால் தப்பின. அயர்லாந்து தேசிய நூலகம் அவற்றை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. 1847 முதல் 1864 வரை நிலம், வீடு வைத்திருந்தவர்களைக் கணக்கெடுத்த கிரிஃபித் மதிப்பீடும் இலவசம். யூலிக் பர்க் என்ற பெயரை அதில் போட்டால் எந்த டவுன்லாண்டில் இருந்தார் என்று வரும். டவுன்லாண்ட் என்றால் நகரம் அல்ல, சில வீடுகளும் வயல்களும் சேர்ந்த சின்ன நிலப்பிரிவு. நாடு முழுக்க அப்படி 60,000-க்கும் மேல் உண்டு. தாத்தாவின் அண்ணன் தம்பிகள் ஊரிலேயே தங்கியிருந்தால், 1901, 1911 கணக்கெடுப்பில் அவர்கள் பிள்ளைகளைப் பார்க்கலாம். குடும்பச் சின்னம் என்று இணையத்தில் விற்கும் பலகைக்குப் பணம் கொடுக்காதீர்கள். சின்னம் ஆளுக்கு வழங்கப்படுவது, பெயருக்கல்ல.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பாட்டியின் அப்பா, பெரியப்பா இருவரின் ஞானஸ்நானப் பதிவையும் கேட்டு விண்ணப்பியுங்கள். பதிவேடு லத்தீனில் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். ‘யூலிக்’கை எப்படி எழுதுவது என்று தெரியாத சாமியார் ‘உலிக்குஸ்’ என்று எழுதியிருப்பார், இல்லாவிட்டால் வில்லியமுக்குரிய ‘குலியெல்முஸ்’ என்று எழுதியிருப்பார். இரண்டின் கீழும் பாருங்கள்.