டிஎல்சி (சேர்மங்களைப் பிரித்துக் காட்டும் மெல்லடுக்கு நிறப்பிரிகை) தட்டில் இரண்டு புள்ளி வந்தால் வினை முடியவில்லை என்று அர்த்தமா?

பென்சோபீனோனை சோடியம் போரோஹைட்ரைடால் ஒடுக்கிய பிறகும் தட்டில் இரண்டு புள்ளி, மேலே உள்ளது தொடக்கப்பொருளின் உயரத்திலேயே நிற்கிறது என்கிறீர்கள். அநேகமாக அது மிச்சமிருக்கும் பென்சோபீனோன்தான். விளைபொருள் ஆல்கஹால் என்பதால், அதன் ஓஎச் தொகுதி தட்டில் பூசியிருக்கும் சிலிக்காவோடு ஹைட்ரஜன் பிணைப்பில் ஒட்டிக்கொண்டு கீழே தங்கிவிடும்.

ஆனால் ஆர்எஃப் (கரைப்பான் ஏறிய தூரத்தில் புள்ளி ஏறிய பங்கு) ஒன்றாக இருப்பது மட்டும் சான்றாகாது. வேறு சேர்மமும் தற்செயலாக அதே உயரத்துக்கு ஏறலாம். ஒரே தட்டில் இடப்பக்கம் தொடக்கப்பொருள், வலப்பக்கம் வினைக்கலவை, நடுவில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொட்டு வையுங்கள். நடுப்பாதையின் மேல்புள்ளி பிரியாமல் வட்டமாக ஏறினால் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது. நீண்டு இழுத்தாற்போல வந்தால் கரைப்பான் விகிதத்தை மாற்றி மறுபடி ஓட்டிப் பாருங்கள். ஆர்எஃப் 0.3 அருகே வந்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். 0.9-இல் எல்லாமே ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அப்புறம், 254 நானோமீட்டர் புற ஊதா விளக்கில் அந்த மேல்புள்ளி கறுப்பாகத் தெரிகிறதே என்று பதற வேண்டாம். பென்சோபீனோன் அந்த ஒளியை ஆல்கஹாலைவிடப் பல மடங்கு வலுவாக உறிஞ்சும். கொஞ்சம் மிச்சமிருந்தாலும் பாதி வினைதான் நடந்தது போலக் காட்டும்.